புழு, உடல், கணினி: யானைக்கால் நோயை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் உயிரித்தகவலியல் படிக்கிறாள். ஒரு சாயங்காலம் மடிக்கணினியோடு கீழே இறங்கி வந்தாள். திரையில் பச்சையும் நீலமுமாக ரிப்பன் சுருள் போல ஒன்று மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. "இதுதான் அங்கிள் என் ப்ராஜெக்ட். யானைக்கால் புழுவுக்கு வேக்சின்" என்றாள். எங்கே செய்தாய் என்று கேட்டேன். "இதுலயேதான்" என்று மடிக்கணினியைத் தட்டிக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு ஆயா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கீழ்க்கட்டளை ஊராக இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர். ஏரித் தண்ணீர் பாய்ந்த கழனிகளில் நடவு நட்டவர். நாற்பது வருஷமாக அவருக்கு இடது கால் வீங்கியிருக்கிறது. "இன்னாடி அது, எங்கால வடிய வைக்குமா?" என்றார். "இல்ல ஆயா, இது வராம தடுக்கறதுக்கு." "அப்ப வந்தவளுக்கு?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. கணினியில் வடிவமைக்கப்படும் புழுத் தடுப்பூசிகளை அறிவியலின் அதிசயம் என்று கொண்டாடுவதோ, ஏகாதிபத்தியச் சதி என்று ஒதுக்குவதோ என் நோக்கம் அல்ல. இரண்டுமே எளிது. நான் கேட்க விரும்புவது வேறு: இந்த நோயை நாம் இதுவரை எங்கெங்கே தேடி வந்திருக்கிறோம்? நோயாளியின் குலத்திலா, அவர் ரத்தத்திலா, அவர் வீட்டுக்கு முன்னால் தேங்கும் சாக்கடையிலா? நோய் இருக்கும் இடத்தைக் குறிக்கும்போதே அதற்கு யார் பொறுப்பு என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டுவிடுகிறது.

2

எங்கள் ஊரிலிருந்து மேடவாக்கம் சாலையைப் பிடித்தால் சில கிலோமீட்டரில் பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமையார் அந்த மலையில் குத்திக் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. 1580களில் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்த டச்சுக்காரர் யான் ஹூய்கென் வான் லின்ஸ்கோட்டன், 1596 இல் வெளியான தன் பயண நூலில் யானையின் காலைப் போலப் பெருத்த கால் கொண்ட மனிதர்களைப் பற்றி எழுதுகிறார். தோமையாரைக் கொன்றவர்களின் வாரிசுகள் இவர்கள், அந்தப் பாவத்தின் தண்டனைதான் இந்தக் கால் என்று அவர் கேட்டறிந்த கதையையும் பதிவு செய்கிறார். ஐரோப்பிய மருத்துவத்தில் இந்நோய்க்கு 'புனித தோமையார் கால்' என்றே ஒரு பெயர் வழங்கியது.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இந்தச் சொல்லாடலின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். நோய்க்கான காரணம் நோயாளியின் பிறப்பில் வைக்கப்படுகிறது. பரம்பரை பரம்பரையாக அது கடத்தப்படுகிறது. ஊர், தண்ணீர், கொசு எதுவும் கதைக்குள் வருவதில்லை. வெள்ளைக்காரப் பயணிக்குச் சாபம். நம்மவர்களுக்கு முன்ஜென்ம வினை. பெண் பார்க்க வந்தவர்கள் தாயின் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 'அந்தக் குடும்பத்துல கால் உண்டு' என்பார்கள். யானைக்கால் பரம்பரை நோய் அல்ல என்பதைச் சுகாதார ஊழியர்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்த வாக்கியம் சாகவில்லை.

3

நோய் குலத்தை விட்டு ரத்தத்துக்குள் வந்தது 1872 இல். கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்னும் ராணுவ மருத்துவர் மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1876 இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பான்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டார். புழுவின் பெயரில் (உச்சரேரியா பான்கிராஃப்டி) இன்றும் அவர் இருக்கிறார்.

1877 இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் செய்த சோதனை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. ரத்தத்தில் புழு இருந்த தன் தோட்டக்காரர் ஹின்லோவைக் கொசுக்கள் விடப்பட்ட ஓர் அறையில் இரவில் படுக்கவைத்தார். மறுநாள் காலையில் ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடலில் புழு வளர்கிறது என்பது இப்படித்தான் நிறுவப்பட்டது. (அந்தக் கொசு தண்ணீரில் விழுந்து சாக, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று மேன்சன் தவறாக நினைத்தார். கொசு கடிக்கும்போதே புழு இறங்குகிறது என்பது 1900 இல்தான் தெளிவானது.) பாடநூல்கள் மேன்சனை 'வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை' என்கின்றன. ஹின்லோ என்ன ஆனார் என்பது பாடநூலின் அக்கறை அல்ல.

புழுக்குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒடுங்கியிருந்து, இரவில், கொசு கடிக்கும் நேரத்தில் மேற்தோல் ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் நம் ஊர்களில் ரத்தம் எடுக்க ராத்திரியில் வந்தார்கள். தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955 இல் தொடங்கியது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் விரலைக் குத்தியது நினைவிருக்கிறது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்: "என்னிய குத்தவே மாட்டானுங்க தம்பி. உங்கிட்ட பூச்சி இருக்காதுன்னுட்டுப் போயிடுவான்."

அந்த ஊழியர் சொன்னது பெரும்பாலும் சரி. கால் வீங்கியவர்களில் பலருடைய ரத்தத்தில் அதற்குள் புழுக்குஞ்சுகள் இருப்பதில்லை. மாறாக, எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுகிறவர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அதாவது ஊர் ஒதுக்கிவைத்த கால் பெரும்பாலும் யாருக்கும் நோயைப் பரப்பாத கால். ஊரின் கண்ணுக்கு அவர் அளவுக்கு மீறித் தெரிந்தார். பரவலைக் கணக்கெடுத்த திட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமலே போனார். ஆயாவின் கேள்வியை நாற்பது வருஷங்களுக்கு முன்பே யாரோ கேட்டிருக்க வேண்டும்.

4

யானைக்கால் புழுவிலிருந்து சற்று விலகி, கொக்கிப்புழுவின் கதையைப் பார்க்கலாம். தடுப்பூசிக் கதையில் இவை இரண்டும் திரும்பச் சந்திக்கப்போகின்றன.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை முதலில் மண்டபம் முகாமில் அடைத்து வைப்பார்கள். அங்கே உடம்பு கழுவப்பட்டது, துணி வேகவைக்கப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து புகட்டப்பட்டது. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தால் புழு போனது. சில மாதங்களில் மறுபடி வந்தது. லயங்களில் கக்கூஸ் இல்லை, கால் வெறுங்கால். கக்கூஸ் கட்டுகிற செலவைத் தோட்ட முதலாளிகள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்து கொடுத்த செலவு கூலியின் உழைப்பில் திரும்பிவிடும் என்பதால் அது ஏற்கத்தக்கதாக இருந்தது.

'உயிர் அதிகாரம்' என்று ஃபூக்கோ பேசியதை இந்த இடத்தில் நாம் மிகச் சாதாரணமாகப் புரிந்துகொள்ளலாம். எல்லையில் நிறுத்திச் சுத்தம் செய்யப்படுவது உடல். அந்த உடல் போய்ச் சேரும் லயம் அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் போன பிறகும் நம் சுகாதாரத் திட்டங்களுக்குள் இந்தப் பிரிவினை போகவில்லை.

5

இனிக் கணினிக்கு வருவோம். மாடிப் பெண் பொறுமையாக எனக்கு விளக்கியதை என் மொழியில் தருகிறேன்.

யானைக்கால் புழு வகைகளில் ஒன்றான புரூஜியா மலாயியின் மரபணுத் தொகுதி 2007 இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 11,500 புரதங்களுக்கான குறிப்புகள் அதில் உண்டு. இவற்றில் எவை புழுவின் மேல்தோலில் இருப்பவை, எவை புழு வெளியே சுரப்பவை என்று மென்பொருள் பிரிக்கிறது. மனிதப் புரதங்களைப் போல இருப்பவை நீக்கப்படுகின்றன. மிஞ்சியவற்றில் நம் எதிர்ப்பணுக்கள் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளக்கூடிய சிறு துணுக்குகளை (இவற்றை எபிடோப் என்கிறார்கள்) இன்னொரு மென்பொருள் கணிக்கிறது. ஒவ்வாமை தருமா, நச்சா என்று மதிப்பெண் போட மென்பொருள்கள் உண்டு. தேறிய துணுக்குகளை மணிகளைப் போலக் கோர்த்து ஒரு புதிய புரதம் எழுதப்படுகிறது. அந்தச் சங்கிலி எப்படி மடங்கும் என்று கணித்து, நம் உடலின் ஏற்பிகளில் ஒன்றோடு பொருத்திப் பார்த்து, கடைசியாக ஒரு 'கணினி உடலுக்கு' மூன்று தவணை ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். திரையில் ஆன்டிபாடிகளின் கோடு மேலே ஏறுகிறது. கட்டுரை முடிகிறது.

இந்த முறைக்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. இத்தாலியில் ரினோ ராப்புவோலி குழுவினர் மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றின் மரபணுத் தொகுதியிலிருந்து தடுப்பூசியைத் தேடினார்கள். 2000 இல் அந்த ஆய்வு வெளியானது. 2013 இல் ஐரோப்பாவில் ஊசி அனுமதி பெற்றது. ஆனால் அவர்கள் கணினி சொன்னதோடு நிற்கவில்லை. சுமார் 350 புரதங்களை உண்மையாகவே பாக்டீரியாவில் தயாரித்து எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கணிப்புக்கும் ஊசிக்கும் நடுவே பதிமூன்று ஆண்டு உழைப்பு. இன்று பெருகிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே முடிந்துவிடுகின்றன. தலைப்பில் மட்டும் 'தடுப்பூசி' என்ற சொல் இருக்கிறது.

6

என் சந்தேகம் அந்தக் 'கணினி உடலை'ப் பற்றியது. அது யாருடைய உடல்?

மென்பொருளில் அந்த உடல் சில எச்.எல்.ஏ. மரபணு வகைகளின் தொகுப்பு. உலக மக்கள் தொகையில் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் பேருக்கு இந்த ஊசி 'பொருந்தும்' என்று ஓர் அட்டவணை வரும். ஆனால் வழக்கமாக அந்த உடல் இதுவரை எந்தப் புழுவையும் சந்திக்காத உடலாகவே வைத்துக்கொள்ளப்படுகிறது. அதற்கு வயல் இல்லை, சாக்கடை இல்லை, பழைய காய்ச்சல் இல்லை. சுருங்கச் சொன்னால், வரலாறு இல்லை.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு சம்பவம் நடந்தே இருக்கிறது. கணினித் துணுக்குகளின் காலத்துக்கு முன்னால், அமெரிக்காவின் சாபின் நிறுவனம் கொக்கிப்புழுவின் லார்வா சுரக்கும் ஏஎஸ்பி-2 என்னும் முழுப் புரதத்தை ஊசியாக்கியது. புழுவையே காணாத அமெரிக்கத் தன்னார்வலர்களுக்குப் போட்டபோது பெரிய தொந்தரவு இல்லை. பிறகு பிரேசிலில், கொக்கிப்புழு சகஜமான ஒரு கிராமப்பகுதியில் போட்டார்கள். சிலருக்கு உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. சோதனை நிறுத்தப்பட்டது. காரணம் 2012 இல் விரிவாக வெளியானது. ஏற்கெனவே புழு வந்து போன உடல்களில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ ஆன்டிபாடிகள் இருந்தன. ஊசி யாருக்குத் தேவையோ அவர்களுடைய உடல்தான் அதை ஏற்க மறுத்தது. அந்த உடல் தன் கடந்தகாலத்தை நினைவில் வைத்திருந்தது.

ஒவ்வாமையைக் கணிக்கும் மென்பொருளால் இதைப் பிடிக்க முடியாது. ஒரு புரதம் ஏற்கெனவே தெரிந்த ஒவ்வாமைப் பொருள்களை ஒத்திருக்கிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஓர் ஊரின் ரத்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது ஊருக்குப் போய் ரத்தத்தை எடுத்தால்தான் தெரியும்.

நம்மூரிலேயே இதற்கு மாற்று முன்னுதாரணம் இருக்கிறது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையத்தில் பி. காளிராஜ் குழுவினர் யானைக்கால் புழுவின் புரதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்களோடு இணைந்தும் தனித்தும் அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் ராமசாமி கல்யாணசுந்தரம் மூன்று புரதங்களை ஒன்றாகப் பிணைத்த தடுப்பூசியை உருவாக்கி எலி, ஜெர்பில், ரீசஸ் குரங்கு என்று படிப்படியாகச் சோதித்தார். எலியில் கிடைத்த அளவு பாதுகாப்பு குரங்கில் கிடைக்கவில்லை என்பதும் சோதித்ததால்தான் தெரிந்தது. இந்த ஆராய்ச்சிகளில் புரதங்களைத் தேர்ந்த விதம்தான் எனக்கு முக்கியம். நோய் பரவும் ஊரிலேயே காலமெல்லாம் வாழ்ந்து, அதே கொசுவிடம் கடிபட்டு, ஆனாலும் ரத்தத்தில் புழுவும் இல்லாமல் காலும் வீங்காமல் இருப்பவர்கள் உண்டு. ஆய்வு மொழியில் இவர்களுக்கு 'எண்டெமிக் நார்மல்' என்று பெயர். இவர்களுடைய ரத்தத்தின் ஆன்டிபாடிகள் எந்தப் புழுப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன என்று பார்த்து, அந்த வழியில் தடுப்பூசிப் புரதத்தைத் தேடினார்கள்.

ஃபூக்கோவின் ஆய்வேட்டை மதிப்பிட்டவரான ழார்ழ் காங்கிலெம்மை நாம் ஃபூக்கோ அளவுக்குப் பேசியதில்லை. 'இயல்பு' என்பது சராசரிக் கணக்கு அல்ல, ஓர் உயிர் தன் சூழலோடு கொள்ளும் உறவு என்பது அவருடைய வாதம். எண்டெமிக் நார்மல் என்பவர் அந்த வாதத்துக்கு நடமாடும் சாட்சி. அவருடைய இயல்பு அவருடைய ஊரோடு சேர்ந்த இயல்பு. கணினி உடலின் இயல்போ ஊரே இல்லாத இயல்பு. முதலாவதில் மக்களின் ரத்தம் ஆராய்ச்சிக்கு வழி காட்டுகிறது. இரண்டாவதில் மக்கள் கடைசியில், சோதனைக்கு உடல் தேவைப்படும்போது மட்டும் வருவார்கள். ஹின்லோ வந்ததைப் போல.

7

இப்படிச் சொல்வதால் மாடிப் பெண்ணின் உழைப்பைக் கேலி செய்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவளுடைய கல்லூரியில் விலங்குக்கூடம் கிடையாது. ஒரு புரதத்தைத் தயாரித்துச் சுத்தம் செய்யப் பணம் கிடையாது. மென்பொருள்கள் இலவசம். "வெட் லேப் எங்க அங்கிள் இருக்கு? இதாவது பண்றோமே" என்றாள். பணமில்லாத ஆய்வகத்தின் அறிவியல் கணினிக்குள் நகர்ந்ததில் ஓர் அரசியல் பொருளாதாரம் இருக்கிறது. கேமரூனின் புயேயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆற்றுக்குருட்டு நோயை உண்டாக்கும் புழுவுக்கு 2019 இல் இதே முறையில் ஒரு தடுப்பூசியை வடிவமைத்தார்கள். அது அவர்கள் நாட்டு நோய். அவர்கள் திரையோடு நிற்காமல் அந்த வகைப் புரதத்தைத் தயாரித்து நோயாளிகளின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கும் வேலைக்கும் போனார்கள். கருவியில் குற்றமில்லை. அடுத்த படிக்கு யார் காசு கொடுப்பது என்பதே பிரச்சினை.

இதற்குப் பதில் வேண்டுமானால் தொழுவத்தைப் பாருங்கள். மாட்டின் நுரையீரல் புழுவுக்கு 1950களின் இறுதியிலேயே ஐரோப்பாவில் தடுப்பூசி வந்துவிட்டது. ஆட்டின் ரத்தம் குடிக்கும் குடற்புழுவுக்கு 2014 இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. பன்றியின் நாடாப்புழுவுக்கு எதிரான ஊசியை ஹைதராபாத்தில் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனமே தயாரிக்கிறது. மனிதப் புழுக்களில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை விற்பனைக்கு ஊசி இல்லை. மனித ஊசியின் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை, சோதனைக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பவை உண்மையான காரணங்கள்தாம். மாட்டுக்குச் சந்தை விலை உண்டு, கூலிக்காரர் காலுக்கு அது கிடையாது என்பதும் ஒரு காரணம்.

8

ஊசி இல்லாமலே நோய் போன ஊர்களும் உண்டு. 2016 இல் இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 1940களிலிருந்து நடந்த இயக்கம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, கொசுக் கட்டுப்பாடு. அவ்வளவுதான். இந்தியாவில் 2004 முதல் நாடு தழுவி ஆண்டுக்கொரு முறை மாத்திரை கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பரவல் வெகுவாகக் குறைந்தது. நாடு முழுவதற்குமான ஒழிப்புக் கெடு முதலில் 2015 என்றிருந்து, தள்ளித் தள்ளிப் போய், இப்போது 2027 இல் நிற்கிறது.

நோயைச் சாக்கடையில் தேடியவர்களும் உண்டு. 1930களில் திருவிதாங்கூரில் எம்.ஓ.டி. அய்யங்கார் குளத்து ஆகாயத்தாமரையின் வேரில் ஒரு வகைக் கொசு வளர்வதைக் காட்டி, அதை அகற்றினால் நோய் குறையும் என்றார். பாண்டிச்சேரியின் கொசு ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில், 1981 முதல் 1985 வரை அந்த நகரத்தின் கொசுவை மருந்தை மட்டும் நம்பாமல் குறைத்துக் காட்டியது. பிறகு சேர்த்தலையில் மக்களையே குளங்களைச் சுத்தம் செய்து மீன் வளர்க்கச் செய்தது. இவற்றுக்குக் கணினி உடல் தேவைப்படவில்லை. ஊரின் குளங்களும் சாக்கடைகளும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதுமாக இருந்தது.

எங்கள் ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய் அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். ஆயா நடவு நட்ட கழனி இப்போது மனைகளும் அடுக்ககங்களும். 2021 இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டோம். கொசுவுக்கு இந்த மாற்றங்கள் எதிலும் ஆட்சேபணை இல்லை. யானைக்கால் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் அழுக்குத் தண்ணீரில்தான் செழிக்கும்.

தடுப்பூசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திய ஊர்களில் நோய் திரும்பினால் ஊசி தேவைப்படலாம். கொக்கிப்புழுவுக்கு நிச்சயம் தேவை. ஆனால் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் சில உண்டு. கல்லூரிகளில் திரையோடு நின்றுபோகும் வேலைகளில் தகுதியானவற்றைச் சோதித்துப் பார்க்கப் பொது ஆய்வகங்கள் திறக்கப்பட வேண்டும். நோய் பரவும் ஊர் மக்களின் ரத்த வரலாறு தொடக்கத்திலேயே கணக்கில் வர வேண்டும். அந்த ரத்தத்திலிருந்து பிறக்கும் புரதம் தனிச்சொத்தாக ஆகக் கூடாது. ஊசியைக் காட்டிச் சாக்கடையைத் தள்ளிப்போடக் கூடாது.

வந்தவர்களுக்கு? அவர்களுக்கானது ஏற்கெனவே இருக்கிறது. தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் இடுக்கில் களிம்பு தடவி, காலை உயர்த்தி வைத்து, சின்னப் பயிற்சி செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் பெருமளவு குறையும். வீக்கம் முற்றுவது நிற்கும். இதற்காக ஒரு பிளாஸ்டிக் டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு கொண்ட பெட்டியை அரசுத் திட்டமே கொடுக்கிறது. ஆயாவுக்கு அது இருப்பதே தெரியாது.

மாடிப் பெண்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விசாரித்து வாங்கி வந்தாள். இப்போது சாயங்காலங்களில் ஆயா வாசல்படியில் டப்பில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இத அப்பவே எவனாச்சும் சொல்லியிருந்தா" என்றார் ஒரு நாள். வாக்கியத்தை முடிக்கவில்லை.